பதினெட்டாவது கூடைக்குக் குறுக்கே

ஒரே ஒரு கிளையைத்தான் வெட்டுவதாக இருந்தான் தௌனோ. மடக்கு ஏணியின் உச்சிப்படியில் நின்று கைரம்பத்தால் அதை அறுத்துத் தள்ளிய பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாளும் அது மேல்கிளையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று. மேல்கிளை பெருமூச்சு விடுகிறாற்போல மெதுவாக இறங்கி, கீழ்க்கிளை இருந்த அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதையும் அறுத்தான். அதற்கும் மேலே ஒன்று இருந்தது.

சற்று நேரத்தில் மரத்தின் ஒரு பக்கம் பல் போன சீப்பு மாதிரி ஆகிவிட்டது. மறுபக்கம் மட்டும் செழிப்பாக இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வருமே என்று அங்கேயும் கொஞ்சம் கழித்தான். இப்போது அந்தப் பக்கம் இளைத்து, இந்தப் பக்கம் பருத்துத் தெரிந்தது. மறுபடி இந்தப் பக்கம் வந்தான்.

அந்த ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரத்துக்கும் அவனுக்கும் பகை நேற்று வந்ததல்ல. ஏரிக்கரைக் காட்டுக்குள் பதினெட்டுச் சங்கிலிக் கூடைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். எறிமேடையில் நின்று பிளாஸ்டிக் தட்டை மரங்களுக்கு நடுவே வீச வேண்டும். எல்லாக் கூடையிலும் குறைந்த வீச்சில் போட்டு முடித்தவன் ஜெயித்தவன். தௌனோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பேருந்து நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். தட்டு மட்டும் கடைசியில் இடப்பக்கம் திரும்பாமல் இருக்காது. பதினெட்டாவது பாதையில், சரியாக அது திரும்புகிற இடத்தில்தான் அந்த மரம் நின்றது. எந்தத் தட்டைப் போட்டாலும் சடக்கென்று பிடித்துக் கீழே தள்ளிவிடும். அடி வாங்கி வாங்கி அந்தப் பக்கம் பாசிகூடப் பிடிக்கவில்லை. மரங்கொத்திக் குடும்பம் ஒன்று சத்தம் தாங்காமல் வீடு மாற்றிக்கொண்டு போயிற்று. மரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தௌனோவின் தட்டுகளில் ஒன்றுகூடப் போய்ப் பார்த்ததில்லை.

தோற்றால் என்ன, விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு அகப்பை விஷயம் தெரியாது.

தௌனோவும் ரைமோவும் சகலைகள். அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் போகும்போது ஏரிக்கரையில் இருந்த சவுனாவை, அதாவது நீராவிக் குளியல் குடிலை, இருவருக்கும் பொதுவாக விட்டுப் போனார். அறை ஒன்று, அடுப்பு ஒன்று, சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்புகிற அகப்பையும் ஒன்று. அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு ஆட்டம். ஜெயித்தவன் கையில் வருஷம் முழுக்க அகப்பை, தோற்றவன் தலையில் விறகும் தண்ணீரும் என்று பேசி வைத்தார்கள். அன்றிலிருந்து அகப்பை ரைமோவிடம்தான் இருக்கிறது. ஒரு வீச்சு வித்தியாசத்தில் ஜெயிப்பான், மிஞ்சினால் இரண்டு.

ரைமோ ஊற்றுகிற ஊற்றில் ஜன்னலோரத்து மெழுகுவர்த்தி தலைகுனியும். வெளியே ஏரியில் நீந்துகிற வாத்து கரையேறிக் காலை ஆற்றிக்கொள்ளும் என்பார்கள்.

"போதும் சகலை, காது எரியுது" என்பான் தௌனோ, கீழ்ப்பலகையிலிருந்து.

"அகப்பை யார்கிட்ட இருக்கு?" என்பான் ரைமோ, மேல்பலகையிலிருந்து. இன்னொரு அகப்பை விழும்.

அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் தட்டெறிகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று தௌனோ கேட்பான். சங்கத்தில் காப்பி, சூப் எல்லாம் பார்த்துக்கொள்கிற ஹில்க்கா பழைய காப்பிக் கெண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போவாள். மரம் நிற்கட்டும் என்றால் கூழாங்கல், வெட்டலாம் என்றால் கூம்புக்காய். யார் எதைப் போடுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. மேஜையில் கவிழ்த்தால் வருஷா வருஷம் கல் குவியலாகக் கொட்டும்; அதன்மேல் இரண்டே இரண்டு கூம்பு.

ஒன்று அவனுடையது. இன்னொன்று யாருடையது?

அந்த முகம் தெரியாத நல்ல மனுஷனை நினைத்துத் தௌனோ நெகிழ்ந்துபோவான். சங்கத் தலைவர் பெந்தியாக இருக்கும் என்று ஒரு கிறிஸ்துமஸுக்குப் புகைபோட்ட மீன் அனுப்பினான். மறுவருஷம் ஹில்க்காவாக இருக்குமோ என்று தோன்றி, அவள் நாய்க்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தான். இந்த வசந்தத்திலும் கூம்பு இரண்டுதான். அதற்குப் பிறகுதான் ஏணியை எடுத்தான்.

"தௌனோ, மேல என்ன பண்ற?"

கீழே ஹில்க்கா நின்றிருந்தாள், கையில் புளூபெர்ரி வாளியோடு.

"பூச்சி பாக்கறேன்."

"ரம்பம் வச்சா?"

"உள்ள இருக்கற பூச்சி."

ஹில்க்கா வாளியைக் கீழே வைத்தாள். "எந்தப் பூச்சி?"

"பட்டை துளைக்கற வண்டு. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி இல்லையா."

"வண்டுதான் கிளைய அறுத்து இப்படி அடுக்கி வச்சிருக்கா?"

"அது நான். பரவக்கூடாதுல்ல."

ஹில்க்கா மரத்தை ஒரு தரம், தௌனோவை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் பெந்தி காட்டுக்குள் ஓடி வந்துவிட்டார். பெந்தி கவலைப்படுவதற்கென்றே பிறந்தவர். கவலை இல்லாத நாளில் அவருக்கு ஜீரணம் ஆகாது.

"வண்டா? நம்ம காட்டுலயா? இரு, வன அதிகாரிய வரச்சொல்றேன்."

தௌனோ அவசரமாகக் குறுக்கிட்டான். "அவர் வர்றதுக்குள்ள காடே காலியாயிடும். இந்த ஒண்ண மட்டும் வெட்டிட்டா போதும்."

"மத்த மரமெல்லாம்?"

"நல்லாருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்துல தெரியும்."

அந்த ஒரு சொல்லுக்காக, மறுநாள் முழுவதும் காட்டில் ஒவ்வொரு மரமாகத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. பின்னாலேயே சங்கம் திரண்டு வந்தது. சாயங்காலம் பெந்தியின் மச்சினி தன் வீட்டு ஆப்பிள் மரத்தைப் பார்க்கக் கூப்பிட்டாள். தட்டிப் பார்த்து, கொஞ்சம் சளி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான்.

சனிக்கிழமை கூட்டு வேலைக்கு எல்லாரையும் கூப்பிட்டார் பெந்தி. பட்டாணி சூப் ஹில்க்காவின் பொறுப்பு. முதல் ஆளாக வந்து நின்றது ரைமோ. மோட்டார் ரம்பத்தின் பல் ஒவ்வொன்றையும் புதிதாக ராவி, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

"நீ நில்லு சகலை. நான் பாத்துக்கறேன்."

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமமா? உனக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?"

தௌனோவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. இந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்றிருந்தது.

மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மரம் சாய்ந்ததும் ஒருவர் பின் ஒருவராக வந்து தௌனோவின் தோளைத் தட்டினார்கள்.

"மனசு கேக்கல தௌனோ" என்றார் பெந்தி.

"மரம்தானே, விடுங்க."

"அதான். விடத்தான் முடியல."

பிறகு பெந்தி குனிந்து அடிமரத்தைப் பார்த்தார். வெட்டிய இடம் வெண்ணெய் மாதிரி வெளுப்பாக இருந்தது. "ஓட்டை ஒண்ணும் காணோமே?"

"ரம்பச் சத்தம் கேட்டு ஓடியிருக்கும்."

பெந்தி யோசித்தார். யோசித்து, ஓடின வண்டு திரும்பி வரலாம், ஆகவே கட்டை காட்டுக்குள் கிடக்கவே கூடாது, கண்டுபிடித்தவனே அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு முழு மரத்தைத் துண்டு துண்டாக இழுவண்டியில் ஏற்றிச் சவுனா வாசலில் கொண்டுபோய்க் குவித்தான் தௌனோ. இடுப்பு நிமிரவில்லை. அவன் மனைவி இர்மெலி கதவோரம் நின்று பார்த்தாள்.

"இவ்வளவையும் யாரு பிளக்கறது?"

"தோக்கறவன். இந்தத் தடவ உன் அக்கா புருஷன்."

அப்படிச் சொன்னபோது இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

ஆட்ட நாளும் வந்தது. வழக்கப்படி அகப்பையைப் பதினெட்டாவது கூடையின் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். பெந்தி சாட்சி, ஹில்க்கா ஒரு கட்டையில் காப்பி ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். தௌனோ அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை இன்றும் அந்த ஊரில் பேசுகிறார்கள். தட்டு மரங்களுக்கு நடுவே வெண்ணெயில் கத்தி போல் போயிற்று. கூடைச் சங்கிலி கலகலவென்று சிரித்தது. பதினேழு கூடை முடிந்தபோது அவன் மூன்று வீச்சு முன்னால் நின்றான்.

பதினெட்டாவது மேடையில் ஏறினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கிருந்து கூடை தெரிந்தது. கம்பத்தில் அகப்பை வெயிலில் மின்னியது.

வீசினான். தட்டு நேராகப் போயிற்று. அழகாகப் போயிற்று. மரம் இருந்த இடத்துக்கு வந்ததும், பழகின வீட்டுக்குள் நுழைகிறாற்போல இடப்பக்கம் திரும்பியது. தடுக்க ஒருவருமில்லை. புதருக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, 'ப்ளக்' என்றது.

தௌனோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "அங்க என்ன, ஏரியா இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்கு சகலை" என்றான் ரைமோ.

தண்ணீரில் விழுந்தால் ஒரு வீச்சு அபராதம். திரும்பவும் மேடையிலிருந்தே போட வேண்டும். போட்டான். ப்ளக். கொஞ்சம் வலப்பக்கம் குறிவைத்துப் போட்டான். தட்டு வலப்பக்கம் போய், யோசித்து, திரும்பிப் பாதையைக் குறுக்கே கடந்து ஏரிக்குப் போயிற்று. பை காலியாகும்வரை போட்டான். பிறகு ரைமோ பெரிய மனசு பண்ணித் தன்னுடையதில் ஒன்றை நீட்டினான்.

"இது மிதக்கும்."

மிதந்தது.

கடைசியில் பெந்தியின் தட்டைக் கடன் வாங்கி, மேடையிலிருந்து தரையோடு தரையாக உருட்டி உருட்டிக் கூடை வரை கொண்டுபோய்ப் போட்டான் தௌனோ. எத்தனை வீச்சு என்று பெந்தி சொல்ல வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ரைமோ அகப்பையைக் கழற்றித் தோளில் சாத்திக்கொண்டு, சீட்டியடித்தபடி சவுனாப் பக்கம் நடந்தான்.

தௌனோ வெட்டின அடிமரத்தின்மேல் உட்கார்ந்தான். ஹில்க்கா காப்பியை ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"மரம் இருந்தப்ப தட்டு ஏரிக்குப் போகாம அங்கயே விழும். எடுத்துப் போட்டுடுவ. ஒரு வீச்சுதான் நஷ்டம்" என்றாள். "ரைமோவும் ஒவ்வொரு வருஷமும் மயிரிழையிலதான் ஜெயிச்சான். நாங்க எல்லாரும் எதுக்காகக் கல்லு போட்டோம்னு நெனச்ச?"

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உன் எறிய உன்கிட்டயே எப்படிக் குறை சொல்றது?"

தௌனோ காப்பியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சவுனா வாசலில் தான் குவித்த கட்டையெல்லாம் கண்முன் வந்து நின்றன. அவ்வளவையும் அவன்தான் பிளக்க வேண்டும்.

"சரி" என்றான் கடைசியில். "நீங்க எல்லாரும் கல்லு போட்டீங்க. ஆனா ஒருத்தர் எனக்காக வருஷா வருஷம் கூம்பு போட்டாரே. அந்த ஒரு ஆள் யாருன்னு சொல்லு ஹில்க்கா. போய்க் கையப் பிடிச்சு நன்றி சொல்லணும்."

ஹில்க்கா ஃபிளாஸ்க்கை மூடி, மரங்களுக்கு அப்பால் சவுனாப் பக்கம் தலையாட்டினாள்.

"கெண்டிய ஏந்திட்டுப் போனது நான்தானே, எனக்குத் தெரியாதா. சீக்கிரம் போ, தண்ணி கொண்டு வான்னு உன்னத்தான் கூப்பிட்டுட்டிருக்கான்."