கண்டரமாணிக்கத்தில் நான் போட்ட புகை

தொண்டு செய்யப் புறப்படுகிறவர்களில் பாதிப் பேர், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் புறப்படுகிறவர்கள். நான் அந்தப் பாதியைச் சேர்ந்தவள். எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டு, காரைக்குடியில் அப்பாவின் மரக்கடை மாடியில் கல்யாணத்துக்காகக் காத்திருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், சாரணியர் பெண்களை வெளியிடங்களுக்குக் கூட்டிப்போய்ப் பழக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்றார்கள். சம்பளம் கிடையாது என்பதால்தான் வீட்டில் விட்டார்கள். (பெண் சம்பாதிக்கிறாள் என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் யோசிப்பார்களாம்.)

எனக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். அதற்கு முன் நான் தனியாகப் போன அதிகபட்சத் தொலைவு கோவிலூர்க் கோயில். அப்போதும் கூட அத்தை வந்தார்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பெண்களை பஸ்ஸில் ஏற்றி, கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனேன். அடுத்து வரும் வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். ஆனால் மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை; அவர் வீட்டார் யாரும் என்னைப் பார்த்ததில்லை. கண்மாய்க்கரைக்கு யார் வரப்போகிறார்கள்? (வேவு பார்க்கத்தான் போனேன் என்று இன்றும் சொல்கிறார்கள். சத்தியமாக இல்லை. கரையில் நல்ல நிழல் இருந்தது.)

காட்டில் வழி தவறினால் உதவிக்கு ஆள் கூப்பிடுவது எப்படி என்று பாடம் எடுத்தேன். அங்கே காடு எதுவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து பஸ் போவதே தெரிந்தது. சரோஜா என்ற பெண், "அக்கா, வழி தவறினா அந்த பஸ்ஸுல ஏறிரலாமே" என்றாள். விசில் ஊதி அவளை அடக்கினேன். சருகைக் கூட்டித் தீ வைத்து, மேலே பச்சை வேப்பங்குழையைப் போடச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது மெல்லிய கோடு போல ஒரு புகை. எழும்பியதோ, செங்கல் காளவாயே வெட்கப்படும் புகை.

அறுப்பு முடிந்து ஊரெல்லாம் வைக்கோல் படப்பு நின்ற காலம் அது. என் பாடத்தில் அந்த விவரம் இல்லை.

முதலில் கூச்சல் கேட்டது. பிறகு குடமும் வாளியுமாக ஒரு கூட்டம் கரையேறி ஓடிவந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. குடத்துத் தண்ணீரை அப்படியே வீசினார். தீ அணைந்தது. அவருக்கும் தீக்கும் நடுவில் நின்ற நானும் அணைந்தேன். பக்கத்தில் கல் கூட்டிய அடுப்பில், மதியச் சாப்பாட்டுக்காக வெந்துகொண்டிருந்த எங்கள் பொங்கலை இன்னொருவர் அணைத்தார்.

"படப்பு எங்குட்டு எரியுது?" என்று அந்த அம்மாள் மூச்சிரைக்கக் கேட்டார்.

படப்பு எதுவும் எரியவில்லை, ஆபத்தில் உதவிக்குக் கூப்பிடப் பிள்ளைகளைப் பழக்குகிறேன் என்றேன்.

"சரி, வந்துட்டோம். என்ன உதவி வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க."

"வேணாம்னா எதுக்குக் கூப்பிட்டீக?"

அடுத்து, எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரைக்குடி மரக்கடை நாகலிங்கம் மகள் என்றேன்.

அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். சொட்டச் சொட்ட நின்ற என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"வெள்ளிக்கெழம நாங்களே வாரதாத்தானே இருந்தோம்," என்றார். "அதுக்குள்ள என்ன அவசரம் ஆத்தா?"

கண்மாயில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

மாப்பிள்ளையின் தாயாரான அந்த அம்மாளே எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, எனக்குத் தன் சேலை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். விஷயம் தெரிந்ததும் அப்பா மூச்சு விடாமல் திட்டினார். விசிலை அன்றே திருப்பிக் கொடுத்தேன். இனி அவர்கள் வரமாட்டார்கள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம்.

வந்தார்கள். என்னை அழைத்து வந்து நிறுத்தியபோது அந்த அம்மாள் மட்டும் தலை நிமிரவில்லை. "நான் பார்த்துட்டேன், மத்தவுக பாருங்க" என்று காபியைக் குடித்தார்.

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒரு கை பிடிக்கச் சொல்லி நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால், என் கணவர் இன்றும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

"புகையைக் காணோமே" என்கிறார்.