பெட்ரோல் பங்க் வழி

“டெஸ்ட்ல நேராப் போங்கன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. உன்கிட்ட படிச்ச அம்மா இண்டிகேட்டரைப் போட்டு, அழகா பெட்ரோல் பங்க்குக்குள்ள போய் நிறுத்துறாங்க. லைசென்ஸ் போச்சு. என்னம்மா பாடம் இது?” என்றார் அண்ணன்.

“பழக்க தோஷம்ணே.”

“பழக்கினது யாரு?”

பழக்கியவள் அவளேதான். டிரைவிங் ஸ்கூல் அண்ணனுடையது. பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தருவது அவள் வேலை. எங்கே கிளம்பினாலும் பெட்ரோல் பங்க், அங்கிருந்து ஆஸ்பத்திரி, அப்புறம் ரயில் நிலையம், மறுபடி பங்க். சுத்தமான கழிப்பறை எங்கெங்கே என்பது அவளுக்கு அத்துப்படி. எந்த நிமிடம் வயிறு கலக்கும் என்பது மட்டும் தெரியாது. சட்டென்று கோபித்துக்கொள்கிற குடல் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதைப் போய் அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

“இனிமே பைபாஸ்ல கூட்டிட்டுப் போ. முடியலேன்னா சொல்லு, உன்னை ஆபீஸ்ல உட்கார வெச்சுட்டு வேற ஆளைப் போடறேன்.”

“கிளட்ச் சரியில்லண்ணே” என்று சமாளித்தாள்.

மறுநாள் கிளட்சைச் சோதிக்க அண்ணனே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மதியம்வரை இறங்கவில்லை. அன்று அவள் பட்ட பாடு அவள் வயிற்றுக்குத்தான் தெரியும்.

சாயங்காலமே டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

“சாப்பாட்டை மாத்திப் பார்த்தாச்சு, பழைய மருந்தும் கேட்கல. இந்த மாத்திரை பொம்பளைங்களுக்குன்னே குடுக்கிறது. கொஞ்சமா ஆரம்பிப்போம். மலச்சிக்கல் வந்தாலோ, வயித்து வலி கூடினாலோ உடனே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணணும். சரியா?”

“அடக்கிடுமா டாக்டர்?”

“அடக்காது. சமாதானப்படுத்தும்.”

சில வாரங்களில் சமாதானமும் ஆகிவிட்டது. காலையில் காபி குடித்துவிட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்தாள். இப்படியும் ஒரு காலை இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியம்.

அந்தத் தெம்பில் அன்றைய மாணவியிடம், “இன்னிக்கு நேரா பைபாஸ்!” என்றாள்.

மாணவி பாங்க் கிளார்க். ஏன் எதற்கு என்று ஒருநாளும் கேட்காத தங்கமான பெண். அவள் முகம் செத்துவிட்டது.

“பங்க் வழியாவே போலாமேக்கா?”

“அதெல்லாம் வேண்டாம். நேராப் போங்க.”

“ஆஸ்பத்திரிப் பக்கம்?”

“தைரியமா மிதிங்க. நான் இருக்கேன்ல?”

பைபாஸ் ஏறியதும் மாணவிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பாவம், லாரியைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று இவள் நினைத்து, “இன்னும் கொஞ்ச தூரம் போனா பயமெல்லாம் பறந்துடும்” என்று தட்டிக்கொடுத்தாள்.

திடீரென்று கார் இடதுபக்கம் திரும்பியது. ஒரு ஓட்டல் வாசலில் குலுங்கி நின்றது. இன்ஜினைக்கூட அணைக்காமல் மாணவி இறங்கி ஓட்டமாய் ஓடினாள்.

போச்சு. பயந்துபோன பெண் இனி ஸ்டீயரிங்கைத் தொடுவாளா? அண்ணன் காதுக்குப் போனால் நாளை முதல் ஆபீஸ் நாற்காலிதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டே மாணவி வந்தாள்.

“தப்பு என்னோடதுதாம்மா. பயம் தெளியட்டும், அப்புறம் பைபாஸ் பார்த்துக்கலாம்” என்றாள் இவள்.

“பயமா? எங்க தெருவுலயே ரெண்டு டிரைவிங் ஸ்கூல் இருக்குக்கா. நீங்க போற வழியெல்லாம் பாத்ரூம் இருக்குன்னு கேள்விப்பட்டுத்தானே பஸ் மாறி வந்து உங்ககிட்ட சேர்ந்தேன்!”