ஆரத்தி எடுத்த லேப்டாப்புக்கு அடிக்கும் காய்ச்சல்

துறையூர் சாலை, பெரம்பலூர்.
வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் முத்துவேல் அவர்களுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே தகுதியால் உனக்கு மாமாவான கலைச்செல்வன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அக்கா ஜோதி சுகம். உன் மருமகள் வெற்றிச்செல்வி என்னோடு பேசுவதில்லை, மற்றபடி சுகம். புதுமனை புகுவிழாவுக்கு நீ தாய்மாமன் சீராகக் கொண்டுவந்து இறக்கினாயே ஒரு கேமிங் லேப்டாப், அதற்கு மட்டும் காய்ச்சல். தொண்ணூற்றாறு டிகிரி. "நமக்கே தொண்ணூத்தெட்டு இருக்கும்மா, இது கம்மிதானே" என்று நான்கூட ஆறுதல் சொன்னேன். அது செல்சியஸ் என்று உன் மருமகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்துதான் பேச்சும் நின்றது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உன்னைக் கூப்பிட்டால் உன் அக்கா கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். அப்புறம் பேசுவது அவள், கேட்பது நீ, 'ம்' கொட்டுவது நான். மேலும் என் போனை இப்போது யாரும் தொடக்கூடாது. 'காலை பத்து முதல் மாலை ஆறுக்குள் எங்கள் பிரதிநிதி அழைப்பார்' என்று கம்பெனி சொல்லியிருப்பதால் அது நான்கு நாளாக டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அதைச் சுற்றி மெதுவாக நடக்கிறோம். லப்பைக்குடிக்காட்டு சிக்கந்தர் பாய் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை நீ இருக்கும் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார். முறுக்கோடு சேர்த்து இதையும், நீ கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்றையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை முதலில் பிரிக்காதே, படிவத்தில் எண்ணெய் படும்.

விஷயம் இதுதான். சென்னையில் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு கம்பெனி வெற்றிக்கு வேலைக்கான தேர்வு வைத்திருக்கிறது. உங்கள் ஊரில் ஏதாவது ஒரு இடத்தை, ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடும் விளையாட்டுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுங்கள் என்பது கேள்வி. அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை. அனுப்பாவிட்டால், உன் அக்கா ஜாதகத்தை ஆறு ஜெராக்ஸ் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறாள். "கங்கைகொண்ட சோழபுரம் கோயிலப் போடேம்மா" என்று நான் யோசனை சொன்னேன். "எல்லாரும் கோயிலத்தான்ப்பா போடுவாங்க. நான் நம்ம பஸ் ஸ்டாண்டப் போடப் போறேன். அங்கதான் சந்து சந்தா ஓடலாம்" என்றாள். போட்டும்விட்டாள் மாப்ள! சின்ன வெங்காய மூட்டை, பூக்கடை, கிழிந்த போஸ்டர், தூணில் சாய்ந்து தூங்கும் ஆள் எல்லாம் அப்படியே இருக்கிறது. நான் ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். "இதுல அரக்கன், பூதம் எதுவும் வராதா?" என்று கேட்டேன். "எதுக்குப்பா? துறையூர் பஸ் ரிவர்ஸ் எடுத்தாலே சனம் தெறிச்சு ஓடும்ல" என்றாள்.

அந்த பஸ் ரிவர்ஸ் எடுப்பதில்தான் வினை. வெயில், நிழல், புகை எல்லாவற்றையும் லேப்டாப் கணக்குப் போட வேண்டுமாம். போட ஆரம்பித்ததும் மாவு மில் போல ஒரு சத்தம். இருபத்திரண்டாவது நிமிடம் சத்தமும் இல்லை, படமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கறுப்புத் திரையில் நானும் வெற்றியும் மட்டும் தெரிவோம், இரண்டு பேர் வாயும் திறந்திருக்கும். இதுவரை முப்பத்தோரு தடவை. எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவன் வேறு எதைச் செய்வான்?

அந்தப் பழக்கத்தில்தான் லேப்டாப் வந்த பெட்டியைத் துருவிப் பார்த்தேன். உள்மூடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்ட ஸ்டிக்கர். 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் போட்டு, கீழே 17 என்று ஒரு எண். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை மாப்ள. யார் இந்தப் பதினேழு? ஆணா பெண்ணா? நம்முடையதைப் பார்த்தது சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? இருபத்திரண்டு நிமிடத்தில் அணைவதைக் கண்டுபிடிக்க இருபத்து மூன்று நிமிடமாவது பக்கத்தில் உட்கார வேண்டுமே, உட்கார்ந்தாரா? உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஆலையில் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இந்தக் கையே பரிசோதனைக்கு வராத மூட்டைக்கும் சேர்த்து ஓகே முத்திரை குத்தியிருக்கிறது. அதனால் பதினேழின் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு எந்த ஊர் பஸ் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

இதைக் கேட்கவும், புகார் சொல்லவும் கம்பெனிக்குப் போன் போட்டேன். முதல் நாற்பது நிமிடம் புல்லாங்குழல். நடுநடுவே 'நீங்கள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவர்' என்று ஒரு குரல். "அவ்ளோ முக்கியம்னா எடுத்துப் பேச வேண்டியதுதானே" என்று அடுப்படியிலிருந்து உன் அக்கா. கடைசியில் சுகன்யா என்று ஒரு பெண் எடுத்தது.

"சார், ஒரு தடவ அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க."

"அதுவே அணைஞ்சுடுதும்மா. அதுதான் புகாரே."

"சரிங்க சார், அப்ப போட மட்டும் போடுங்க."

பேச்சில் நம்ம பக்கத்து வாடை அடிக்கவே, எந்த ஊரும்மா என்றேன். "ஜெயங்கொண்டம் பக்கம் சார். ஆனா அதச் சொல்லக்கூடாது சார், ரெக்கார்டு ஆவுது" என்றது. பதினேழாம் நம்பரைப் பற்றிக் கேட்டேன். "நாலு வருசமா இந்த சீட்டுல இருக்கேன் சார், யாருமே அதக் கேட்டதில்ல. எனக்கும் இப்பத்தான் தோணுது, அது யாருன்னு" என்றது. அத்தோடு அந்த ஆராய்ச்சியை நாங்கள் இருவரும் கைவிட்டோம். லேப்டாப் உன் பெயரில் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் ரகசிய எண் உன் போனுக்குத்தான் வருகிறது. "கிரேன் மேல இருக்கேன் மாமா, கொஞ்சம் பொறுங்க" என்று நீ பதினோரு தடவை சொன்னதையும் நோட்டில் குறித்திருக்கிறேன், உன்மேல் குற்றமாக அல்ல, தகவலுக்காக.

அடுத்து வந்ததுதான் பெரிய கூத்து. பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ வேண்டும், இல்லையென்றால் புகாரே பதிவாகாது என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நம்மிடம் இல்லாத வீடியோவா! சீர்த் தட்டில் வைத்து மேளத்தோடு வந்த லேப்டாப்பை நடு ஹாலில் வைத்துப் பிரித்ததை வீடியோக்காரர் மூன்று கேமராவில் எடுத்து, பாட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாரே. அப்படியே அனுப்பிவிட்டேன். அதில் முதலில் தாமரை விரிகிறது. தாமரைக்குள்ளிருந்து நீ கையைக் கட்டிக்கொண்டு எழும்புகிறாய். உன் இரண்டு பக்கமும் இரண்டு சிங்கம். பிறகு ரோஜா இதழ் மழையில் லேப்டாப் வானத்திலிருந்து இறங்குகிறது, மூடியில் சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் கதம்பம். பிறகு உன் அக்கா ஆரத்தித் தட்டோடு வந்து மூன்று சுற்றுச் சுற்றுகிறாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'வீடியோவில் இரண்டாவது நிமிடத்தில் சிவப்பு நிறத் திரவம் ஒன்று சாதனத்தின் அருகே மூன்று முறை கொண்டுசெல்லப்படுகிறது. திரவத்தால் ஏற்படும் பழுதுக்கு வாரண்டி பொருந்தாது. விளக்கம் தேவை.' திரும்பவும் சுகன்யாவைப் பிடித்தேன். அது பாவம், நமக்காகத்தான் மேலதிகாரியிடம் வாதாடியிருக்கிறது. "ஆரத்தின்னு எனக்குத் தெரியும் சார், எங்க வூட்லயும் வண்டி வாங்குனா எடுப்பாங்க. ஆனா எங்க மேனேஜர் வடக்க இருக்காரு. ஊத்துனாங்களான்னு கேக்குறாரு சார்." ஊத்தவில்லை, சுற்றினோம் என்றேன். ஏன் சுற்றினார்கள் என்று கேட்கிறாராம். கண் படாமல் இருக்க என்றேன். டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அது தயங்கித் தயங்கிச் சொன்னது: "சார், கண் பட்டா நம்ம ப்ளான்ல கவர் ஆவாதாம் சார். கூடுதல் ப்ளான் எடுத்திருந்தாலும் ஆவாதாம்."

எப்படியோ மன்றாடி ஒரு மெக்கானிக்கை அனுப்பிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதிலும் ஒரு முட்டுக்கட்டை. திருச்சியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் வீட்டுக்கு வருவார்களாம், நம் வீடு அதைத் தாண்டி நிற்கிறது. ஒரு மணி நேரம் யோசித்து, பாடாலூரில் நான்கு வழிச் சாலை ஓரம் இருக்கும் டீக்கடையை நம் வீட்டு முகவரியாக மாற்றிக் கொடுத்துவிட்டேன். நாளை காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அங்கே போய் வீட்டுக்காரனாக உட்கார வேண்டும். கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். "தாராளமா வாங்க, உங்க வூடு மாதிரி நெனச்சுக்கங்க" என்றார். அவருக்கு முழு விவரம் தெரியாது.

உன்னிடம் கேட்பது இரண்டுதான். இத்துடன் உள்ள படிவத்தில் 'என் அக்கா என் லேப்டாப்பின் மீது எந்தத் திரவத்தையும் ஊற்றவில்லை' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது. லேப்டாப் உன் பெயரில் இருப்பதால் நீதான் பேனா மையால் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்ப வேண்டும். உங்கள் கேம்ப்பில் பிரிண்டர் இல்லை என்று சொன்னதால்தான் காகிதமாகவே வருகிறது. இரண்டாவது, அந்தக் கம்பெனியைச் சும்மா விடாதே. நீ அங்கே பேசும் இங்கிலீஷில் நாலு வரி காரமாக எழுதிப் போடு, ஒரு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்காதே. ஒரு நல்ல பெண்ணுக்குக் கிடைக்கவிருக்கும் வேலை, எவனோ ஒழுங்காகப் பார்க்காத மெஷினால் போகப் போகிறது என்று எழுது. தப்பு முழுக்க அவர்கள் பக்கம். இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவன் சொல்கிறேன், எழுது.

நீயும் உன் கிரேனும் எந்த உயரத்தில் நின்றாலும் ஆடாமல் நிற்க உன் அக்கா வேண்டிக்கொள்கிறாள். சிறுவாச்சூர் அம்மன் குங்குமம் முறுக்குப் பொட்டலத்தின் அடியில் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. கூட வேலை பார்க்கும் பிள்ளைகளை நாங்கள் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
கலைச்செல்வன்.

பின்குறிப்பு (சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்): மாப்ள, மேலே சொன்ன எதையும் செய்யாதே. படிவத்தைக் கிழித்துப் போடு. நட்சத்திரம் அஞ்சு கொடு.

பாடாலூருக்கு நான் மட்டும்தான் போனேன். கம்பெனி கூப்பிட்டால் எடுக்க வெற்றியைப் போனுக்குக் காவல் வைத்துவிட்டேன், இன்றுவரை நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மெக்கானிக் பேர் அறிவரசன், மரியாதையான பிள்ளை. டீயைக் குடித்துவிட்டு லேப்டாப்பைக் குப்புறப் போட்டார். அடிப்பக்கத்தை விரலால் தடவினார். திரும்பவும் தடவினார்.

"சார், இது என்னது?"

"டேப்பு தம்பி."

"அது தெரியுது சார். ஏன் ஒட்டியிருக்கு?"

"ஓட்ட ஓட்டயா இருந்துச்சு தம்பி. தூசி போவும்ல?"

"அந்த ஓட்ட வழியாத்தான் சார் அது மூச்சு விடும்."

என்ன செய்வது மாப்ள, இருபத்தாறு வருடம் சிமெண்ட் தூசியோடு மல்லுக்கட்டியவன். எந்த மெஷினில் ஓட்டையைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. நீ ஊருக்குப் போன மறுநாளே ஸ்கேல் வைத்து, பிளேடால் அறுத்து, கண்ணாடி டேப்பை ஓரம் பிசகாமல் ஒட்டிவிட்டேன். சுகன்யா கேட்டு அடிப்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன், அங்கேயும் யார் கண்ணிலும் படவில்லை. "ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்க சார், ஒரு குமிழி இல்ல" என்றார் அறிவரசன். அந்த அவமானத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அடிமூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு ஃபேன். ஒன்றின் ஒயர் சொருகப்படவே இல்லை, பிறந்ததிலிருந்தே தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சார், டேப்ப எழுதுனா உங்களுக்கு வாரண்டி போயிடும். ஒயர எழுதுனா மெஷின திருச்சிக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க, திரும்பி வர பதினஞ்சு நாள் ஆவும்."

"வெள்ளிக்கிழம பாப்பா அனுப்பியாவணும் தம்பி."

அவர் ஒயரைச் சொருகினார். நான் டேப்பை உரித்தேன். 'தூசி நீக்கப்பட்டது. வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி நீட்டினார். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் கம்பெனிக்காரன் பண்ணுன தப்புதாம்மா, சரி பண்ணிட்டாங்க" என்றேன். மத்தியானத்திலிருந்து ஓடுகிறது, நாலு மணி நேரம் ஆகியும் அணையவில்லை. ஆனால் உரித்த டேப்பில் ஒரு துண்டு லேப்டாப் பையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. உன் மருமகள் கவனித்திருக்கிறாள். இப்போது டீ கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் புதிதாக ஒரு ஆள் முளைத்திருக்கிறார். துறையூர் பஸ்ஸுக்கு முன்னால் குனிந்து, அதன் ரேடியேட்டர் வலையைக் கண்ணாடி டேப்பால் நிதானமாக மூடிக்கொண்டிருக்கிறார். வழுக்கையும் என்னுடையது, கட்டம் போட்ட சட்டையும் என்னுடையது. விளையாட்டை ஆரம்பித்தால் டிரைவர், கண்டக்டர், வெங்காய வியாபாரி உட்பட பஸ் ஸ்டாண்டே துரத்துவது அந்த ஆளைத்தான்.