பதினொன்றரைக்குள் ஆட்டோவோடு வரவும்

மட்டாஞ்சேரி,
இரவு 10.40

பாசத்துக்குரிய செல்லதுரை மாமாவுக்கு, ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு பதினொன்றாம் கட்டிலிலிருந்து உங்கள் அக்கா மகள் நீலாம்பாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்கள், அத்தை, ஆட்டோ மூவரும் நலமா? இங்கே நான் நலமில்லை. என் இடது கை செத்துக்கொண்டிருக்கிறது.

அம்மாவின் போன் நர்சுகள் மேசையில் சார்ஜ் ஏறுகிறது. மலையாளத்தில் எழுதினால் அவர்கள் படித்துவிடுவார்கள். அதனால்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்த தமிழில், ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். வார்டு பெருக்கும் ரோஜா அக்காவுக்குப் பதினொன்றுக்கு வேலை முடிகிறது. உங்கள் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவார், இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் புறப்பட்டு வந்து, ஆட்டோவைப் பின்வாசலில் விளக்கை அணைத்து நிறுத்துங்கள்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். நிமோனியாவுக்கு மருந்து ஏற்ற வலது கையில் குத்தியிருந்த ஊசி வீங்கிப்போய், சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு இடது கையில் புதிதாகக் குத்தப்போகிறார்கள். இதுவரை ஐந்து முறை குத்தியாயிற்று. ஐந்து முறையும் டாக்டர், நர்சுகள், அம்மா, சாயா கொண்டுவரும் சேட்டன் உட்பட எல்லாரும், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றே சொன்னார்கள். விளைவு என்னவென்றால், இப்போது எனக்கு எறும்பைக் கண்டாலே பயம். நேற்று சர்க்கரை டப்பாவில் ஒன்றைப் பார்த்து அலறி வார்டையே எழுப்பிவிட்டேன்.

ஆனால் மாமா, பகலில் குத்துவது வேறு, இரவில் நடப்பது வேறு. நேற்று முதல் அம்பிளி என்று ஒரு நர்ஸ் ராத்திரி டியூட்டிக்கு வருகிறார். நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. கை பிணத்தின் கை மாதிரிக் குளிர்ந்திருக்கிறது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கோடியிலிருக்கும் பச்சைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போகிறார். உள்ளே போனவர்கள் அலறுவதே இல்லை. 'ஊ…' என்று நீளமாக ஒரு மூச்சு மட்டும் கேட்கும், விளக்கை ஊதி அணைப்பது போல. பிறகு ஒன்றுமில்லை. பத்தாம் கட்டில் அப்புவுக்கு நான்கு வயது. ஊசியோடு யார் வந்தாலும் கடித்துவைப்பான். அவனும் நேற்று உள்ளே போனான். அதே மூச்சு. இன்று நான் விழித்தபோது கட்டில் காலி. விரிப்புகூட மாற்றிவிட்டார்கள். கட்டில் கம்பியில், முந்தின நாள் அவனிடம் இல்லாத ஒரு காகிதக் காற்றாடி செருகியிருக்கிறது. இந்தப் பக்கத்து மின்விசிறி இரண்டு நாளாக ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருக்கிறது. காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கிறது.

பத்து மணிக்கு அந்த அம்பிளி என் அம்மாவிடம் சின்ன டியூப் ஒன்றைக் கொடுத்து ஏதோ கிசுகிசுத்தார். அம்மா வெள்ளையாக எதையோ என் இடது புறங்கையில் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டினாள்.

"என்னம்மா இது?"

"காளியம்மன் கோயில் வெண்ணெய்டி. பிரசாதம்."

உங்கள் அக்காவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. உண்மையைச் சொன்னால் பிள்ளை பயந்துவிடும் என்பது அவள் கட்சி.

"பிரசாதம்னா நீ மொதல்ல சாப்பிடு, பார்ப்போம்."

அம்மா என்னைப் பார்த்தாள், டியூபைப் பார்த்தாள். சாமி பேரைச் சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? நுனியில் மிஞ்சியிருந்ததை நாக்கில் தடவிக்கொண்டாள். பத்தே நிமிடம். "நீயா, பயப்பதாதெதி" என்றாள், நாக்குக் குழறி. வாயோரம் எச்சில் வழிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். என் கையும் போய்விட்டது மாமா. பிளாஸ்டிக் தாளின் மேல் பேனாவால் அழுத்திப் பார்த்தேன். வேறு யாருடைய கையோ போல என் போர்வைமேல் கிடக்கிறது.

நீங்கள் வருவதற்குள் என் கட்டிலும் காலியாகிவிட்டால், உங்கள் மகன் கோவிந்த் என் சைக்கிளைத் தொடக் கூடாது. அத்தைக்கு என் நமஸ்காரம். கோவிந்த் என்னைவிட ஆறு மாதம் சின்னவன் என்பதால், அவனுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒற்றைக் கையுள்ள நீலாம்பாள்

பி.கு.: மணி பன்னிரண்டு. ரோஜா அக்கா இன்று சீக்கிரமே போய்விட்டாராம், கடிதம் என்னிடமே இருக்கிறது. மாமா, வர வேண்டாம். குத்தியாகிவிட்டது. அம்பிளி சேச்சி அம்மாவின் வாயைப் பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டார். "என்டெ ஈஸ்வரா! இது தொலி மரவிக்கானுள்ள மருந்நல்லே சேச்சீ, நாவில் தேய்க்கான் ஆரு பறஞ்ஞு?" தோலை மரத்துப்போக வைக்கும் மருந்தாம், நாக்கில் தடவச் சொன்னது யார் என்கிறார். அவர் கை குளிர்ந்திருந்தது, பிள்ளைகளுக்கு ஒத்தடம் கொடுக்கும் ஐஸ்கட்டியால். அப்பு காலையில் டிஸ்சார்ஜ் ஆகி, அவன் அச்சன் தோளில் ஏறி வீட்டுக்குப் போனானாம். "எறும்பு மாதிரியா சேச்சி?" என்று கேட்டேன். "உறும்பல்ல மோளே, சூசி தன்னெ. கொறச்சு வேதனிக்கும். நீ இது ஊதிக்கோ" என்று ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்தார். எறும்பு இல்லை, ஊசியேதான், கொஞ்சம் வலிக்குமாம். ஊதினேன். அந்த 'ஊ' அதுதான். நான்காவது ஊதலில் முடிந்துவிட்டது. அழுத்தியது தெரிந்தது, அவ்வளவுதான். அம்மாவுக்கு நாக்கு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "வலிச்சுதாடி?" "கொஞ்சம்" என்று உண்மையைச் சொன்னேன்.

கடைசியாக, பத்தாம் கட்டில் காற்றாடி ஏன் சுற்றுகிறது என்றும் சேச்சியிடம் கேட்டேன். திரும்பிப் பார்த்தார். நின்ற மின்விசிறியைப் பார்த்தார், சாத்திய ஜன்னலைப் பார்த்தார். இந்த ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் உண்மை பேசுகிற ஒரே ஆள் அவர்தான், மாமா.

"சத்தியம் பறயட்டே மோளே? எனிக்கு அறியில்லா." உண்மையாகவே அவருக்கும் தெரியாதாம்.

விடிந்ததும் சாயா சேட்டனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடனே வாருங்கள். முன்வாசலிலேயே நிறுத்தலாம். விளக்கு எரியட்டும்.