பனிக்கு ஓர் அத்தாட்சி

விண்ணப்பம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோத் தமிழர் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க எத்தனை படம், என்ன முத்திரை, குவெஸ்தூராவில் (நாங்கள் வரிசையில் நின்றே நரைத்துப்போன பொலிஸ் தலைமையகம்) எந்த யன்னல், அந்த யன்னல்காரர் எத்தனை மணிக்குக் கோப்பி குடிக்க எழும்புவார், எல்லாம் எனக்கு அத்துப்படி. இளைப்பாறிய பிறகும், கேளாதவர்களுக்குக்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட நான், என் சொந்தக் கலியாணத்துக்குத் தேவைப்பட்ட ஒரேயொரு படத்தை எடுக்கப் போய் என்ன செய்தேன் என்பதை இதுவரை எழுத்தில் பதிந்ததில்லை. பதிவில்லாத விடயம் நடக்காத விடயம் என்று எவ்வளவு காலத்துக்குத்தான் இருப்பது?

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஊரில் காணிக் கந்தோரில் எழுதுவினைஞன். பலேர்மோவில் ஒரு விதவைச் சின்யோராவின் வீட்டில் சமையல், துடைப்பு, நாய்.

கொழும்பில் வசந்தி என்ற பெண்ணைப் பேசியிருந்தார்கள். சண்டையால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் தாயோடும் தாய்மாமனோடும் இருந்தாள். எனக்கு வந்தது அடையாள அட்டைக்காக எடுத்த படம். அப்படியான படத்தில் ஒருவர் வடிவாய்த் தெரிவது நடைமுறைக்கு முற்றிலும் முரணானது. வசந்தி தெரிந்தாள். அந்தப் படத்தை நான் ஒரு நாளைக்கு எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாதது.

மாமன், பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னால் உயிரோடு நிற்பவனிடமும் அதற்கு அத்தாட்சி கேட்கக்கூடியவர். (எனக்கு அவரை உடனேயே பிடித்துப்போயிற்று.) பலேர்மோவின் கால்சா என்ற பகுதிக் கடற்கரையில் அரைக்கைச் சட்டையோடு நின்று எடுத்த படத்தை நான் அனுப்பியிருந்தேன். அவருடைய பதில் இப்படி இருந்தது: “மாப்பிள்ளை நிற்கும் இடம் வெயிலாக உள்ளது. பின்னால் பனை நிற்கிறது. ஐரோப்பாவில் பனை இல்லையென அறிகிறோம். ஆகவே அவர் இடைவழியில் எங்கேயோ தங்கிவிட்டாரோ என்ற ஐயம் எழுகிறது.”

ஐயம் நியாயமானதுதான். ஐரோப்பா என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரர்கள் ஆபிரிக்காவில் இறக்கிவிட்டுப் போன கதைகள் அந்த நாளில் நிறைய. அது பனை இல்லை, பேரீச்சை இனம் என்று விளக்கி, என் பெர்மெஸ்ஸோவின் பிரதி, அதன் தமிழாக்கம், மொழிபெயர்ப்புச் சரியென்று நானே எழுதிய ஒரு குறிப்பு ஆகியவற்றை இணைத்து அனுப்பினேன். மறுபதில் ஜனவரி நடுவில் வந்தது: “முத்திரை எவரும் குத்தலாம். பனியில் நின்று எடுத்த படம் ஒன்றை அனுப்பவும். மாசி முடியும்வரை பார்ப்போம். கனடாவிலிருந்தும் ஒரு இடம் வந்திருக்கிறது.”

பனி கேட்டார்கள்; என்னிடம் இருந்தது பனை. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் கனடாக்காரனுக்கு அந்த எழுத்து வாசலைத் திறந்தவுடன் கொட்டிக் கிடக்கும்.

அந்தக் கிழமைதான் வடக்கே பனி கொட்டும் தூரினோவில் இருக்கும் தங்கையோடு சின்யோராவுக்கு டெலிபோனில் சண்டை. “உன்னுடைய நாய் பனியைக் கண்டிருக்கிறதா?” என்று தங்கைக்காரி கேட்டுவிட்டாளாம். சின்யோரா றிசீவரை வைத்தார், என்னிடம் வந்தார், தன் நாய் கோன்தே பனியில் ஓடுகிற மாதிரிப் படம் வேண்டும் என்றார். உனக்குப் படம் எடுக்கத் தெரியுமா? தெரியும் என்றேன். அதுவரை நான் செய்த படத்தொழில், பெர்மெஸ்ஸோவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்களிடம் இரண்டு காதும் தெரிய இருங்கோ என்று சொல்லியனுப்பியது மட்டுமே.

கோன்தே வெள்ளையில் செம்மஞ்சள் திட்டுப் போட்ட வேட்டை நாய். நெடிய கால். காது இரண்டும் அகப்பைபோலத் தொங்கும். நாளுக்கு மூன்று தரம் அவனை நடத்திக் கூட்டிப்போனவன் நான். வழியில் கதைப்பதற்கு வேறு ஆள் இல்லாததால் இரண்டு வருடத்தில் அவன் தமிழனாகிவிட்டான். “இரு” என்றால் இருப்பான். “சும்மா இரு” என்றால் படுத்தே விடுவான். “ஓடி வா” என்றால் கண்மண் தெரியாது. சின்யோரா இத்தாலியனில் கூப்பிட்டால் மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பான். காது மந்தமோ என்று சின்யோரா மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் வைத்தியர். சின்யோரா வைத்தியரை மாற்றினார்.

காலஞ்சென்ற கணவரின் கமராவைச் சின்யோரா என்னிடம் தந்தார். அதன் கையேட்டை அகராதியோடு இரண்டு முறை படித்து, முப்பத்தாறு படத்துக்கும் ஒரு திட்டம் எழுதினேன். முதல் முப்பது நாய்க்கு, கடைசி ஆறு எனக்கு. முதலாளியின் வேலை முதலில் என்பது நடைமுறை.

காரும் துணையும் சுப்பையா. மொரீசியஸ்காரர், என்னைவிட நல்ல சைவர், தேவாரம் முழுவதும் மனப்பாடம். ஆனால் தமிழில் ஒரு வசனம் கதைக்கத் தெரியாது. நாங்கள் இருவரும் இத்தாலியனில்தான் கதைப்போம். கோன்தேக்குத் தெரிந்த தமிழ் சுப்பையாவுக்குத் தெரியாது என்பதை நான் வேடிக்கையாக மட்டும் நினைத்திருந்தேன். அதைத் திட்டத்தில் ஒரு இலக்கமிட்டுக் குறித்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் ஓடி மதோனியே மலைக்குப் போனோம். காரால் இறங்கி நான் வைத்த முதல் காலடியிலேயே பனி முழங்கால் மட்டும் ஏறியது. கலியாணப் படம் என்பதால் கோட்டும் டையும் தோல் சப்பாத்தும் போட்டிருந்தேன். சுற்றிவரச் சிசிலியக் குடும்பங்கள் பிளாஸ்டிக் பலகையில் சறுக்கிக்கொண்டிருந்தன.

“ஃபிராத்தெல்லோ, நீ யாருக்கோ வழக்குப் பேச வந்தவன் மாதிரி நிற்கிறாய்” என்றார் சுப்பையா. சகோதரா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அவர் எதையும் சொல்வார்.

சுப்பையா மேட்டில் நாயைப் பிடித்திருந்தார். நான் கீழே முழங்காலில் இருந்து, கமராவைக் கண்ணில் வைத்து “ஓடி வா” என்று கத்துவேன். அவர் விடுவார். கையேட்டின்படி நாய் வரும் தூரத்தைக் கணித்து வளையத்தைத் திருப்ப வேண்டும். நான் பத்து மீற்றருக்குத் திருப்பும்போது கோன்தே என் மடியில் இருப்பான். முகத்தை நக்குவான், கண்ணாடியை நக்குவான், அவனை மறுபடி மேலே அனுப்புவேன். முப்பது தரம். முப்பது “ஓடி வா”. பதினைந்தாவதோடு சறுக்க வந்த குடும்பங்களில் ஒன்று பலகையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியது.

பிறகு என் முறை. நாயின் வாரை மூன்று சுற்று மணிக்கட்டில் சுற்றினேன், ஏனென்றால் ஆட்கள் நடமாடும் இடத்தில் வாரைக் கைவிடக்கூடாது என்பது சின்யோராவின் கட்டளை. தலையை வாரி, டையை நேராக்கி, வசந்தியின் மாமன் பார்க்கப்போகிற முகம் ஒன்றை வைத்துக்கொண்டேன். இப்போது நான் மேட்டில்; கமராவோடு சுப்பையா கீழே.

காலையிலிருந்து அந்த மனிதர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். நான் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு தமிழ்ச் சொல் சொல்லுகிறேன். படம் எடுக்கும்போது தமிழர் சொல்லும் சொல் இதுதான் போலும் என்று விளங்கிக்கொண்டார். கமராவைக் கண்ணில் வைத்து, எனக்கு மரியாதை செய்கிற எண்ணத்தோடு, தேவாரம் பாடும் முழுக் குரலில் சொன்னார்:

“ஓடி வா.”

எனக்கு அவருடைய உச்சரிப்பைப் பாராட்ட நேரம் கிடைக்கவில்லை. தோளுக்கு மேலே கை போனது, கையோடு நான் போனேன். இரண்டு எட்டு ஓடியதாக ஞாபகம். அதன் பிறகு ஓடியவன் கோன்தே மட்டும். நான் வயிற்றால் வந்தேன். “நில்” என்று கத்தினேன். வாயைத் திறந்ததில் பனி உள்ளே போனது, ‘நில்’ வெளியே வரவில்லை. சுப்பையா இதுதான் எனக்கு வேண்டிய படம் என்று நினைத்து, ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக அமத்தினார். நாய் அவரை எட்டி நின்றபோது நானும் நின்றேன். உட்கார்ந்திருந்த குடும்பம் கை தட்டியது.

“மிக அழகு” என்றார் சுப்பையா. “ஆனால் ஃபிராத்தெல்லோ, கோட்டோடு ஏன்?”

வீட்டில் சின்யோரா கோன்தேயின் நான்கு பாதத்தையும் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். “உனக்கு என்ன நடந்தது?”

“படம் எடுத்தனான், சின்யோரா.”

பிரதான ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்துக் கடையில் கழுவக் கொடுத்தோம். என் முப்பது படத்தில் வெள்ளை, வெள்ளை, ஒரு வால், ஒரு நாக்கு, வெள்ளை. சுப்பையா எடுத்த ஆறில் ஐந்து கலங்கல். ஒன்று மட்டும் ஊசிமுனைபோலத் தெளிவு. கோன்தேயின் நான்கு காலும் நிலத்தில் இல்லை. காதுகள் சிறகுபோல விரிந்திருக்கின்றன. அவனுக்குப் பின்னால், நீட்டிய வாரின் மறுமுனையில், நிலத்துக்குச் சமாந்தரமாக நான். டை வாய்க்குள். ஒரு சப்பாத்து காலில் இல்லாமல் தன்பாட்டில் பறக்கிறது. கீழே, மறுக்கமுடியாத அளவுக்குப் பனி.

சின்யோராவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். கடைக்காரர் என்னை வெட்டிவிட்டு நாயைப் பெருப்பித்துக் கொடுக்க, அது தூரினோவுக்குப் போனது.

எனக்கு? அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு மலையில் புல். மாசி ஓடிக்கொண்டிருந்தது. அவகாசம் கேட்டு மாமனுக்கு மூன்று பக்கம் எழுதி, அதைப் பதிவாளர் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஆள் ஆபிரிக்காவில்தான் இருக்கிறான் என்று நானே நம்பிவிட்டேன். கிழித்துப்போட்டு, அந்தப் படத்தை உறைக்குள் வைத்து ஒரு வரி எழுதினேன்: “தெரிவது பனி. கிடப்பது நான்.” தபாற்பெட்டிக்குள் போட்ட கையை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கனடாக்காரனுக்கு மனதுக்குள் வாழ்த்தும் சொல்லிவிட்டேன்.

பதில் வந்தது. உறையில் மாமனின் கையெழுத்து இல்லை. உள்ளே ஒரு துண்டு:

“மாமா பனியை ஏற்றுக்கொண்டார். நாய் யாருடையது எண்டு கேக்கச் சொன்னார். எனக்கு ஒண்டு தெரிய வேணும். நீங்கள் ஏன் வாரை விடேல்லை? — வசந்தி.”

ஆறு பக்கத்தில் பதில் எழுதினேன். சின்யோராவின் கட்டளை, என் பொறுப்புணர்ச்சி, எடுத்த காரியத்தைக் கைவிடாத குணம். மூன்று சுற்றைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

வசந்தி வந்து இறங்குவதற்கு ஒன்றரை வருடம் எடுத்தது. (குடும்ப இணைவு விண்ணப்பம், ஒரு தாளும் திரும்பி வரவில்லை என்பதை இவ்விடத்தில் பதிகிறேன்.) வந்து சில நாளில், நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றாள். “பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தனாங்கள். மாமா மூண்டு சுத்தையும் எண்ணினவர்.”

“பிறகும் ஏன் ஓம் எண்டனீர்?”

“கனடாக்காரன் ஒரு காரிலை சாஞ்சுகொண்டு நிண்டான். அந்தப் படத்திலை ஒண்டுமே நடக்கேல்லை. நாங்கள் அப்ப ஒரு அறைக்குள்ளை ஏழு பேர். எல்லாரும் எதையோ நினைச்சுப் பயந்துகொண்டு இருந்தம். உங்கடை படம் வந்த அண்டைக்கு அம்மா சிரிச்சவ. ஒரு வருசத்துக்குப் பிறகு. இந்தாள் வந்தா வீட்டிலை சிரிப்பு இருக்குமெண்டு நினைச்சன்.”

அதற்கு எந்தப் படிவத்திலும் பதில் நிரப்பும் இடம் இல்லை.

இப்போது அந்தப் படம் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. யார் வந்தாலும் என் மகள் இத்தாலியனும் தமிழும் கலந்து, சிசிலிய இழுவையோடு விளக்கம் சொல்லுவாள் (பாப்பா என்றால் இத்தாலியனில் அப்பா): “பாப்பாவை நாய் இழுத்துக்கொண்டு போய் அம்மாட்டைக் குடுத்தது.” வந்தவர்கள் சிரிப்பார்கள். வசந்தி எல்லாருக்கும் முதல் சிரிப்பாள். அம்மாதான் இஞ்சை வந்தவ, நான் ஒரு இடமும் போகவில்லை, ஆகையால் அந்தக் கூற்று பிழை என்று பல தடவை சுட்டிக்காட்டிவிட்டேன். இன்றுவரை எவரும் திருத்தவில்லை. இப்போதெல்லாம் நானும் அவ்வளவாக வற்புறுத்துவதில்லை.