கூட யாரு வந்திருக்காங்க?

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று நர்ஸம்மா மறுபடியும் கேட்டபோது, லிஃப்ட்காரர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"மகன் வந்திருக்கான். வண்டியை நிறுத்திட்டு வரான்."

சொன்ன பிறகுதான் பகீரென்றது. மகனுக்கு இப்போது எங்கே போவது?

காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். ஊரார் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் குனிந்து குனிந்து, இவருக்கு முன்னாலேயே இவர் இடுப்பு ரிட்டயர் ஆகிவிட்டது. வலி இடுப்பில் கிளம்பும், தொடையில் நிற்கும், முழங்காலில் நிற்கும், கடைசியாகக் குதிகாலில் போய் இறங்கும். பார்க்காத டாக்டர் இல்லை, தேய்க்காத தைலம் இல்லை. கடைசியில்தான் வலிக்கென்றே இருக்கிற இந்தக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டால் கொஞ்ச மாதமாவது நிம்மதியாகப் படுக்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஆனால் ஊசி போட்டதும் கால் மரத்துப் போகும். அதனால் வீட்டு ஆள் ஒருவர் கூட வந்தே ஆகவேண்டும். போன தடவை தனியாக வந்து, ஊசி போடாமலே திரும்பினார். இந்தத் தடவையும் விட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போகவேண்டும்.

மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. எதிர்வீட்டுக்காரரைக் கேட்கலாமென்றால் அவரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான். "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் இவர், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"சீக்கிரம் கூட்டிட்டு வாங்க ஐயா," என்றார் நர்ஸம்மா. "வண்டியெல்லாம் வாசலுக்கு இடதுபக்கம்தான் நிக்கும்."

இடதுபக்கம் ஒரே ஒரு டாக்சி நின்றது. அதில் சாய்ந்து ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயசு இருக்கும், லேசாகத் தொப்பை. லிஃப்ட்காரர் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மகனா வரணும், அவ்வளவுதானே சார்?"

ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. டாக்சிக்காரன் டிக்கியைத் திறந்து, இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, தலையை வாரி, "வாங்கப்பா" என்று கையைப் பிடித்தான். அந்த 'அப்பா'வை லிஃப்ட்காரர் நேரில் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

டாக்டரம்மா டாக்சிக்காரனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"அப்பா ஜாடை, டாக்டர். எல்லாரும் சொல்வாங்க."

லிஃப்ட்காரருக்கு ஒட்டிய கன்னம், கிளிமூக்கு. டாக்சிக்காரனுக்கு உருண்டை முகம், மூக்கைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆனாலும் டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டார்.

"ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?"

"பின்னே? பெத்தவரைத் தனியா விடுவேனா?"

"ராத்திரி எப்படித் தூங்குறார்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார் டாக்டர். குறட்டை தாங்காம பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "அவ்வளவு நல்லாத் தூங்குறார்னா ஊசி எதுக்கு?"

லிஃப்ட்காரர் குறுக்கே பாய்ந்தார். "அவனுக்கென்ன தெரியும் டாக்டர்? நான் விடிய விடிய கட்டில்ல உக்காந்தேதான் இருப்பேன்."

மூலையில் நின்ற நர்ஸம்மா இருமினார். டாக்சிக்காரன் சுதாரித்துக்கொண்டான்.

"ஆமா, குறட்டையெல்லாம் முன்னாடி. இப்ப பொட்டுத் தூக்கம் இல்ல. அம்மாதான் கூடவே முழிச்சிருந்து இடுப்பை நீவி விடுவாங்க."

"அம்மாவா?" என்றார் டாக்டரம்மா. "அவங்க தவறிட்டாங்கன்னு போன தடவை சொன்னாரே?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. டாக்சிக்காரன் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினான். அவர் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா டாக்டர். அம்மா போனதுக்கப்புறம் அப்பா முதுகைத் தொட ஆளில்ல."

பொய் சொல்ல வந்தவன் மெய்யைச் சொல்லிவிட்டான். கை எட்டாததால் தைலத்தைக் கதவு நிலையில் பூசி, அதில் முதுகைத் தேய்த்துக்கொள்வதை லிஃப்ட்காரர் யாரிடமும் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பெத்த அப்பாவுக்குத் தைலம் தேய்க்க உங்களுக்கு நேரமில்லையா? நாளைக்கு உங்களுக்கும் வயசாகும், ஞாபகம் இருக்கட்டும்."

திட்டு டாக்சிக்காரனுக்குத்தான். ஆனால் கடல் தாண்டி இருக்கிற பிள்ளையைத் திட்டுகிற மாதிரியே இருந்தது லிஃப்ட்காரருக்கு. பெற்ற மனம் பொறுக்குமா?

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். அவன் தங்கமான பையன். ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவான்."

"ஒரே வீட்டுக்குள்ள எதுக்கு போன்?"

"நான் மாடியில இருக்கேன் டாக்டர்," என்றான் டாக்சிக்காரன்.

நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், குட்டு உடைந்தது, ஊசியும் போச்சு என்று லிஃப்ட்காரர் நினைத்தபோது டாக்சிக்காரன் எழுந்து நின்றான்.

"தப்பு என்னுதுதான் டாக்டர். வேலை வேலைன்னு ஓடிட்டேன். நல்லாயிருக்கேன்னு அவர் சொல்வார். அதை நம்பிக்கிறது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. மன்னிச்சிருங்கப்பா."

லிஃப்ட்காரர் அழுதுவிட்டார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். யார் வாயில் வந்தால் என்ன, வந்துவிட்டதே.

டாக்டரம்மா பேனாவை மறுபடி எடுத்தார். "சரி, ஊசிக்குத் தயார் பண்ணுங்க," என்றார் நர்ஸம்மாவிடம்.

ஊசி போட்டுக் கால் கட்டையாகக் கிடந்தபோது டாக்சிக்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நெற்றி வேர்வையைத் துடைத்தான். பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கொடுத்தான். கிளம்பும்போது குனிந்து செருப்பை மாட்டிவிட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்காரர் வாசலுக்கு நடந்தார். இவ்வளவு பெரிய ஊரில் தனக்கென்று இப்படி ஒருத்தன் வாய்த்தானே என்று மனசு நிறைந்திருந்தது.

"அடுத்த ஊசிக்கும் நீ வருவியாப்பா?"

"வராம எங்கப்பா போகப் போறேன்?"

பின்னாலிருந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஐயாவை வண்டியில உக்கார வச்சிட்டுச் சட்டுனு வா. பக்கத்து ரூம் டாக்டருக்கு உன் அடுத்த அப்பா வந்து காத்திருக்கார். அவருதான் குறட்டை விடுறவரு, மறுபடி மாத்திச் சொல்லிடாதே."