வெறும் தண்ணீர் வரிசை

அன்பு மகளுக்கு,

பசுமைக்குடிலின் முழுப் பொறுப்பையும் தோளில் சுமக்கும் உன் சித்தப்பா, ஆசிகளோடு எழுதுவது. இங்கே கோதுமையைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தைக் கொஞ்சம் நீட்டி எழுதவும்.

நீ விட்டுப்போன ஆராய்ச்சியை நான்தான் தாங்கிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்காமல் இயக்குநர் அம்மாவால் ஒரு கதவைத் திறக்க முடியாது (சாவி என்னிடம்). போன வாரம் பார்வையாளர்கள் வந்தபோது நானே விளக்கினேன்: "ஜிப்ரெலின்னா பயிருக்கு 'வளரு'ன்னு போற சேதிங்க. அதைக் கேட்டு வேலையை ஆரம்பிக்கிற ஜீன் எதுன்னுதான் எங்க பொண்ணு தேடுது. அதான் இந்த வரிசைக்கு மருந்துத் தண்ணி, அந்த வரிசைக்கு வெறும் தண்ணி." ஒருவர் நின்றுகொண்டே கைதட்டினார். நாற்காலி இல்லாததால் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார், அது வேறு விஷயம். இப்படி உலகமே பாராட்டிக்கொண்டிருக்கையில், வெறும் தண்ணீர் வரிசையைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றாக விதைத்த பிள்ளைகளில் ஒன்று நெடுநெடுவென்று நிற்க, இன்னொன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதா? அதற்கும் மருந்துத் தண்ணீரை ஊற்றினேன், தினமும் ஊற்றினேன், அதுவும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி கிளம்பி இரண்டு வரிசையும் ஒரே உயரமாகி, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

"யாருய்யா இதுக்கும் ஊத்தினது?" என்று இயக்குநர் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நான்தாங்க. பாவமா இருந்துச்சு."

"பாவமா? அவ இத்தனை நாள் உழைப்புய்யா! இனி அவளே வந்து விதைச்சாத்தான் உண்டு."

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் நின்ற உன் அப்பா, "எப்பங்க வருவா?" என்று மட்டும் கேட்டார்.

மற்றபடி வீட்டில் உன்னை நினைத்து யாரும் ஏங்கவில்லை. உன் அப்பா தையல் மெஷினே கதியென்று இருக்கிறார். உன் அறைச் சன்னலுக்குத் திரைச்சீலை தைக்கிறார், பிரிக்கிறார், மறுபடி தைக்கிறார், நீளம் சரியில்லையாம். "படிக்கப் போன பொண்ணை வா வான்னு எழுதாதடா" என்று எனக்கு அதட்டல் வேறு. நானோ இரும்பு. உன் சைக்கிளைத் தினமும் துடைப்பதுகூடத் துருப்பிடிக்கக் கூடாதே என்றுதான்.

ஆகவே கோபிக்காமல் புறப்பட்டு வா. வேளைக்குச் சாப்பிடு. உன் பயிரைவிட ஒரு சாண் கூடவே உயர்ந்து வாழ்க.

உன் சித்தப்பா

பி.கு.: ஊற்றியது நானில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மருந்துத் தண்ணீர் வாளியில் ஒட்டிய சீட்டை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்து, "மன்னிச்சுக்கம்மா" என்று பயிரிடம் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் ஊற்றினார். நீ வந்ததும் அவர் எதிரிலேயே என்னைத் திட்டு. நன்றாகச் சத்தமாக.